ஈயத்தின் நூற்றாண்டு – 19: பந்தயத் தடத்துக்கு ஒரு விலக்கு

அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது ஈயம் கலந்த பெட்ரோலுக்கு ஒரு கடைசி நாளைக் குறித்தது. 1995 டிசம்பர் 31-க்குப் பிறகு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஈயப் பெட்ரோலை விற்கக் கூடாது. வாசகத்தில் குழப்பமே இல்லை. ஆனால் சட்டத்தோடு பழகியவர்கள் தடையைப் படிப்பதற்கு முன் வரையறையைப் படிப்பார்கள். தெருவிலோ நெடுஞ்சாலையிலோ ஆளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லச் செய்யப்பட்ட வண்டிதான் மோட்டார் வாகனம் என்கிறது அதே சட்டம். சாலையில் ஓடாத வண்டிகளுக்கும் எந்திரங்களுக்கும் வேறொரு வரையறை உண்டு. போட்டிக்கு மட்டுமே பயன்படும் வண்டி அதில் சேராது என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இந்த இரண்டு வரையறைகளுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகப் பந்தயக் கார் வெளியே போய்விட்டது. 1996 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் தெருக்களில் ஈயப் பெட்ரோல் முடிந்தது. ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து ஃபுளோரிடாவின் டேட்டோனா தடத்தில் நடந்த நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் அதே ஈயம் புகையாகப் பறந்தது. யாரும் சட்டத்தை மீறவில்லை. இந்தியா 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. உலகத்துக்கே காற்றுச் சட்டம் கற்றுக்கொடுத்த நாட்டின் முதன்மைப் பந்தயம் அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் ஈயத்தில்தான் ஓடியது. இந்தச் சிறு விலக்குக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அதைக் கைவிட்டதில் யாருக்கு என்ன மிச்சம் என்ற கணக்கைப் போடுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. விலக்குக் கொடுத்தவர்கள் போட்ட கணக்கு தவறு என்பது என் கட்சி. அவர்கள் அளவைப் பார்த்தார்கள், விலையைப் பார்க்கவில்லை.

ஈயத்துக்கும் பந்தயத்துக்கும் உறவு பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1921 டிசம்பரில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டனில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் லெட் என்ற திரவத்தைப் பெட்ரோலில் சேர்த்துப் பார்த்தார். எரிபொருள் முறைதவறி எரிவதால் இன்ஜினில் எழும் ‘நாக்கிங்’ என்ற தட்டல் நின்றுபோனது. 1923 பிப்ரவரியில் அதே ஊரில் முதல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் நடந்த இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் டாமி மில்டன் வென்றார். முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களிலும் ஊற்றியிருந்தது எத்தில் பெட்ரோல். மூன்று மாதக் குழந்தையான ஒரு சரக்குக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்க வாய்ப்பில்லை. விற்றவர்கள் ‘ஈயம்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘எத்தில்’ என்று பெயர் சூட்டியதையும், மறு ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்ததையும் முன்பே பார்த்தோம். பந்தயத் தடம் அந்தச் செய்திகளால் கறைபடாமல் தப்பியது. வேகம், வலிமை, ஆண்மை என்று சாமானிய வாங்குபவர் மனத்தில் ஈயம் ஏறி உட்கார்ந்ததற்கு ஆலைகளைவிடப் பந்தயத்துக்குத்தான் பங்கு அதிகம். 1948-இல் பில் ஃபிரான்ஸ் நாஸ்காரைத் தொடங்கியபோது ஈயப் பெட்ரோல் நாட்டின் சாதாரணப் பெட்ரோலாகவே ஆகிவிட்டிருந்தது. கடையில் வாங்கும் காரைப்போன்ற கார்கள் ஓடும் பந்தயம் என்பதுதான் நாஸ்காரின் கவர்ச்சி. எனவே எரிபொருளும் கடையில் கிடைப்பதாகவே இருந்தது. பிறகு தெருவில் ஓடும் கார் மாறிவிட்டது, தடத்தில் ஓடும் கார் மாறவில்லை.

தெருக் கார் மாறிய விதத்தைச் சென்ற இதழ்களில் விரிவாகவே சொன்னேன். 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி வந்தது. ஈயம் அதைப் பாழாக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய அமெரிக்கர்களின் இரத்தத்திலும் ஈயம் கூடவே குறைந்துகொண்டு வந்தது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த நெருக்கமான தொடர்பை வைத்து 1985-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஜோயல் ஷ்வார்ட்ஸும் சக ஆய்வாளர்களும் ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டார்கள். பெட்ரோலில் ஈயத்தைக் கேலனுக்கு 1.1 கிராமிலிருந்து 0.1 கிராமாக வெட்டினால் கிடைக்கும் நன்மை, ஆகும் செலவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் என்று வந்தது. வழக்கமாகச் சுற்றுச்சூழல் விதிகளை முடக்க எடுக்கப்படும் ஆயுதம் இந்த வரவு செலவுக் கணக்கு. இந்த ஒரு வழக்கில் அதுவே விதியைக் கடுமையாக்கியது. 1986 ஜனவரியில் 0.1 கிராம் நடைமுறைக்கு வந்தது. சிறிய சுத்திகரிப்பு ஆலைகள் ஒரே நாளில் மாற முடியாது என்பதால், ஈய உரிமைகளை ஒருவருக்கொருவர் விற்கவும் சேமித்து வைக்கவும் அனுமதி இருந்தது. அந்த உரிமைச் சந்தைக்கும் 1987-இல் மூடுவிழா நடந்தது. மாறுவதற்கு யாருக்கு அதிகம் செலவாகுமோ அவருக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கொடு, ஆனால் முடிவு நாளைக் குறித்துவிடு என்பதே அந்த ஏற்பாட்டின் நியாயம். பந்தயத்துக்குக் கொடுத்த விலக்கில் இந்த நியாயம் இல்லை. முடிவு நாளும் இல்லை.

அப்படியானால் விலக்கின் நியாயம் என்ன? அற்பமான அளவு என்பதுதான். இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. எண்களைப் போட்டுப் பார்த்தால் அளவு உண்மையாகவே அற்பம். ஒரு நாஸ்கார் கோப்பைப் பந்தயத்தில் அப்போது 43 கார்கள் ஓடின. ஒரு கேலனுக்கு அவை கடந்தது 5 மைல் அளவுக்குத்தான். 500 மைல் பந்தயம் என்றால் காருக்கு 100 கேலன், மொத்தம் 4,300 கேலன். கேலனுக்கு 3 கிராம் ஈயம் என்று அடக்கமாக வைத்துக்கொண்டால் ஒரு பிற்பகலில் ஏறத்தாழ 13 கிலோ. ஆண்டுக்கு 36 பந்தயம்; எல்லாமே 500 மைல் என்று தாராளமாக வைத்தாலும் அரை டன்னைத் தொடாது. பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, துணைத் தொடர்கள் இவற்றைச் சேர்த்தால் கூடும், ஆனாலும் டன் கணக்கில் விரல்விட்டு எண்ணலாம். ஈயப் பெட்ரோல் உச்சத்தில் இருந்த 1970 வாக்கில் அமெரிக்க வாகனங்கள் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் ஈயத்தை எரித்தன. அதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கை ஒரு விளையாட்டு எரித்துவிட்டுப் போகட்டுமே என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும். மேசையில் வேறு ஆயிரம் கோப்புகள் இருக்கும்போது இந்தக் கோப்பு மேலே வராது.

ஆனால் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது அதிகாரியின் வேலைப்பளுவைப் பற்றிய கேள்வி. பொருளியல் கேட்கும் கேள்வி வேறு: அந்த ஒரு கிராம் ஈயம் எரிவதால் எரிப்பவருக்கு எவ்வளவு ஆதாயம், மற்றவருக்கு எவ்வளவு நட்டம்? ஆதாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கேதான் பந்தயம் மற்ற எல்லாத் தொழில்களிலிருந்தும் வேறுபடுகிறது. சரக்கு லாரியின் இன்ஜினில் சக்தி கூடினால் அது கூடுதலாக நாலு மூட்டை ஏற்றும். உலகத்துக்கு ஏதோ ஒரு உண்மையான வரவு. பந்தயக் காரில் சக்தி கூடினால் பக்கத்துக் காரை முந்தும், அவ்வளவுதான். எல்லாக் கார்களிலும் ஒரே அளவு கூடினால் யாரும் யாரையும் முந்தப்போவதில்லை. எல்லாக் கார்களிலும் ஒரே அளவு குறைந்தாலும் அப்படியே. அங்கே வேகம் என்பது ஒப்பீடு. பரிசுத் தொகை ஒன்றுதான், முதலிடம் ஒன்றுதான். இதை நாஸ்காரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. 1987-இல் டாலடேகா தடத்தில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல் வேகத்தில் தகுதிச் சுற்றை ஓட்டினார். அதே வார இறுதியில் பாபி அலிசனின் கார் தடத்தைவிட்டு எழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. மறு ஆண்டிலிருந்து டேட்டோனாவிலும் டாலடேகாவிலும் காற்று உள்ளே போகும் வழியில் துளையிட்ட தகடு ஒன்றை வைத்து நாஸ்காரே இன்ஜின்களின் மூச்சை அடைத்தது. வேகம் குறைந்தது, கூட்டம் குறையவில்லை. சக்தி வேண்டும் என்பதற்காக ஈயத்தையும், சக்தி வேண்டாம் என்பதற்காகத் தகட்டையும் ஒரே இன்ஜினில் ஒரு அமைப்பு 19 ஆண்டுகள் வைத்திருந்தது. இதற்கு மேல் ஒரு ஆதாரம் தேவையா என்று தெரியவில்லை, ஆனாலும் இன்னொன்று இருக்கிறது: இண்டியானாபொலிஸ் கார்கள் 1964-இல் நடந்த ஒரு தீ விபத்துக்குப் பிறகு பெட்ரோலையே விட்டுவிட்டு மெத்தனாலுக்குப் போய்விட்டன. எத்தில் பெட்ரோலுக்குப் புகழ் வாங்கிக் கொடுத்த தடத்திலேயே, நாஸ்கார் மாறுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, ஈயம் இல்லாமல் உலகப்புகழ் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

இன்ஜின் கட்டுபவர்கள் சொன்ன காரணத்தில் நேர்மை உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் பயந்தது சக்தியைப் பற்றி அல்ல, தேய்மானத்தைப் பற்றி. எரிந்த ஈயம் வால்வும் அதன் இருக்கையும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து உலோகத்தைக் காக்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் மூன்று மணி நேரம் ஓடும் இன்ஜினில் அந்தப் படலம் இல்லாவிட்டால் வால்வு இருக்கை தேய்ந்து உள்வாங்கும், பந்தயம் பாதியில் முடியும். 1970-களில் தெருக் கார் வைத்திருந்தவர்களுக்கும் இதே பயம் இருந்தது. அவர்களுடைய பயம் நியாயமானது. பழைய காரை அவர்கள் பத்து ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும், இன்ஜினைப் பிரித்து வால்வு மாற்றக் கைக்காசு செலவாகும். பந்தய அணியின் நிலை அது அல்ல. அந்த இன்ஜினை ஒவ்வொரு பந்தயத்துக்கும் இடையே பிரித்துத்தான் பூட்டுகிறார்கள். வால்வு, ஸ்பிரிங், பிஸ்டன் எல்லாம் வாரக் கணக்கில் மாறுபவை. கடினமான உலோகத்தில் வால்வு இருக்கை செய்து பூட்டுவது அவர்களுக்கு அடுத்த திங்கட்கிழமை வேலை. பழைய எந்திரம் எவ்வளவு சீக்கிரம் கழிக்கப்படுகிறதோ அவ்வளவு மலிவு புதிய விதிக்கு மாறுவது. நாட்டிலேயே மிகச் சீக்கிரம் எந்திரம் கழிக்கப்படும் இடம் பந்தயப் பட்டறை. எரிபொருள் கொடுப்பதும் ஒரே நிறுவனம். 2003 வரை யூனியன் 76, அதன்பின் சுனோகோ. விதி வகுப்பதும் ஒரே அமைப்பு. ஒரு கூட்டம், ஒரு தீர்மானம், ஒரு ஒப்பந்தத் திருத்தம் போதும். மாறுவதற்கு மிகக் குறைவாகச் செலவாகும் ஒருவருக்கு, மாறவே தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தது அந்தச் சட்டம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். தடத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களின் மூச்சுக்காற்று அப்படித்தான் அள்ளிப் பரிமாறப்பட்டது.

நாஸ்கார் 2006 ஜனவரியில், 2008-இலிருந்து ஈயமற்ற எரிபொருளுக்கு மாறுவதாக அறிவித்தது. சொன்னதற்கு ஓராண்டு முன்னதாகவே மாறியும் விட்டது. 2007 பிப்ரவரி 25 அன்று கலிஃபோர்னியாவின் ஃபாண்டானா தடத்தில், அந்தப் பருவத்தின் இரண்டாவது பந்தயத்தில் ஈயமற்ற எரிபொருள் வந்தது; மாட் கென்செத் வென்றார். பார்க்க வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எந்தப் பந்தயமும் ரத்தாகவில்லை, எந்தத் தடமும் மூடப்படவில்லை. வரலாற்றாசிரியனுக்கு இதில் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். தெருவில் ஈயம் குறைந்தது கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. அதே ஆண்டுகளில் புகைபிடிப்பது குறைந்தது, மருத்துவம் முன்னேறியது, வீட்டுப் பெயிண்டிலும் ஈயம் தடைசெய்யப்பட்டது. எதனால் எது நடந்தது என்று பிரித்தெடுப்பது எப்போதும் விவாதத்துக்குரியதாகவே இருந்தது. 1925 முதல் எத்தில் தரப்பின் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் இந்த இடைவெளியில்தான் குடியிருந்தார்கள். பந்தயம் அப்படி இல்லை. எந்த ஊரில், எந்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மைல் என்று எல்லாம் முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணையில் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தெருக்களில் ஈயப் பெட்ரோல் ஏற்கெனவே நின்றுவிட்டது. பிறகு ஒரு நாள் ஈயம் மட்டும் போய்விடுகிறது; பந்தயம், கூட்டம், போக்குவரத்து நெரிசல், டயர் கருகும் புகை, பீர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான சோதனை அமைவது அரிது. யாரும் திட்டமிடாமலே விலக்கு ஒரு சாட்சியை உருவாக்கிவிட்டது.

அந்தச் சாட்சியை விசாரித்தவர்கள் அலெக்ஸ் ஹாலிங்ஸ்வொர்த், இவான் ருடிக் என்ற இரண்டு பொருளியலாளர்கள். 2021-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, பந்தயத்தில் ஈயப் பெட்ரோல் எரிந்தபோது சுற்றுப்புறக் காற்றில் ஈயம் கூடியதையும், இரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்களின் விகிதம் கூடியதையும், முதியவர்களின் இறப்பு கூடியதையும் காட்டியது. இறப்புக் கணக்கை மட்டும் வைத்தே, பெட்ரோலில் சேர்க்கும் ஒவ்வொரு கிராம் ஈயமும் 10 டாலருக்கு மேல் சேதம் செய்கிறது என்றார்கள். மேலே போட்ட கணக்கை இப்போது திரும்பப் பார்க்கலாம். கேலனுக்கு 3 கிராம் என்றால் கேலனுக்கு 30 டாலர் சேதம். 2006-இல் தெருப் பங்கில் ஒரு கேலன் பெட்ரோல் விலை சராசரியாக 3 டாலருக்கும் கீழே. எரிபொருளின் விலையைப்போலப் பத்து மடங்கு செலவை அதை எரித்தவர் அல்லாத யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். அரை டன் என்று நாம் அலட்சியமாகச் சொன்ன அளவு ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டாலராக மாறுகிறது, அதுவும் முதியவர்களின் இறப்பு ஒன்றுக்கு மட்டும். குழந்தைகளின் கணக்கு தனி. அதே இருவரும் வேறு இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தார்கள். ஈயத்துக்கு ஆளான ஒரு பிள்ளையின் வாழ்நாள் வருமானத்தில் சராசரியாக, இன்றைய மதிப்பில், 5,200 டாலர் குறைகிறது என்று கண்டார்கள். அந்தப் பாதிப்பைத் தவிர்ப்பது, வகுப்பில் மூன்று பிள்ளைகளைக் குறைப்பதற்கு, அல்லது பிள்ளைக்கு 750 டாலர் கூடுதலாகச் செலவிடுவதற்குச் சமம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊரில் இது 52 லட்சம் டாலர். அந்த ஊரின் பள்ளி நிர்வாகம் தன் வரவு செலவு அறிக்கையில் ஒருநாளும் பார்த்திராத இழப்பு. வட கரோலினாவின் சார்லட் தடத்தைச் சுற்றி லிண்டா புய் குழுவினர் செய்த ஆய்வில், ஈயம் நின்ற பிறகு தடத்திலிருந்து 4 கிலோமீட்டருக்குள் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக ஏறத்தாழ 100 கிராம் கூடியது. மகப்பேறு வார்டில் வேலை பார்க்கும் எவரையும் கேளுங்கள், 100 கிராம் என்றால் என்னவென்று சொல்வார்கள்.

இதற்கெல்லாம் மறுப்பு இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு காலத்தைப் பற்றியது: 2007-இல் ஈயம் நின்றது, 2008-இல் பொருளாதாரமே சரிந்தது, மாற்றங்களுக்கெல்லாம் ஈயமே காரணம் என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்வி. ஆனால் மந்தம் தடம் இருக்கும் ஊரைத் தேடிப்போய் அடிக்கவில்லை. தடம் இல்லாத ஊர்களும் அதே அளவு அடிபட்டன, ஒப்பீடு அவற்றோடுதான் நடந்தது. வறுமையோ மற்ற மாசுகளோ காரணமாக இருக்கக்கூடுமா என்று சோதித்து விலக்கிய பிறகே அந்த முடிவுகள் வந்தன. இரண்டாவது மறுப்பு பொது அறிவிலிருந்து வருவது: ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் நடக்கும் பந்தயம் ஆயுளைக் குறைக்குமா? ஈயம் நாளைப் பார்த்து வேலை செய்வதில்லை. சுவாசித்த ஈயம் இரத்தத்தில் ஒரு மாதம் போலத் தங்குகிறது, எலும்பில் பல பத்தாண்டுகள். காற்றிலிருந்து இறங்கிய ஈயம் மண்ணில் கிடந்து, காய்ந்த நாளில் தூசியாக எழுகிறது. பார்வையாளர் ஞாயிறு இரவே கிளம்பிவிடுவார். மண் அங்கேயே கிடக்கும், அதில் விளையாடும் பிள்ளையும் அங்கேயே இருப்பான். தடத்துக்குள்ளேயே வேலை செய்தவர்களின் நிலையையும் 2006-இல் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியிருந்தது: நாஸ்கார் அணிகளைச் சேர்ந்த 47 பேரைச் சோதித்ததில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு இரத்த ஈயம் வரம்பு மீறியிருந்தது. தெரிந்தே வந்த தொழில் என்று அவர்களைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வீட்டுக்கு அணிந்துசென்ற உடையைத் துவைத்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

மூன்றாவது மறுப்புக்குக் கொஞ்சம் கனம் உண்டு. உயிருக்கு டாலரில் விலை போட்டு, அதைக் கிராமால் வகுத்து, கேலனால் பெருக்கும் இந்த வித்தையே அருவருப்பானது. முதியவர் ஒருவர் எத்தனை நாள் முன்னதாக இறந்தார் என்பதற்கு ஆய்வாளர் வைக்கும் விலையை மாற்றினால் எண் தலைகீழாகும். எண் மாறும், உண்மை. தலைகீழாக மாறுமா என்பதுதான் கேள்வி. கிராமுக்கு 10 டாலர் என்பதை நான்கில் ஒன்றாக, இரண்டரை டாலராக வெட்டுவோம். கேலனுக்கு ஏழரை டாலர் சேதம். அப்போதும் தெருப் பெட்ரோல் விலையைவிட இரு மடங்குக்கு மேல். மறுபக்கத்தில் ஈயத்தால் கிடைத்த சமுதாய ஆதாயம், மேலே சொன்னபடி, ஏறத்தாழ சுழியம். இப்படிப்பட்ட தராசில் எடைக்கல் கொஞ்சம் முன்பின் இருந்தால் தட்டு சாய்வது மாறாது. 1985-இல் ஷ்வார்ட்ஸ் குழு போட்ட கணக்குக்கும் இதே பதில் பொருந்தும். பத்து மடங்கு வித்தியாசத்தில் இந்த வாதம் கரைந்துபோகும்.

தடத்தை நம்பி வாழும் ஊர்கள் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். விர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்வில், டென்னஸியின் பிரிஸ்டல் போன்ற சிற்றூர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு பந்தய வாரம் என்பது நம் ஊர்த் தேர்த்திருவிழா மாதிரி. விடுதி, உணவகம், வண்டி நிறுத்தும் வயல் எல்லாவற்றிலும் காசு புரளும். அந்த வரவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பந்தயத்தின் வரவு, ஈயத்தின் வரவு அல்ல. 2007-க்குப் பிறகும் அதே ஊர்களில் அதே பந்தயங்கள் நடந்தன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போய்விடும் என்று பயமுறுத்துவது ஈயத்தின் நூற்றாண்டு முழுக்க நடந்த கதை. பெயிண்டிலும் நடந்தது, குழாயிலும் நடந்தது. ஊருக்கு வந்த காசு கடைவீதியில் இறங்கியது, ஊருக்கு வந்த ஈயம் குடியிருப்பில் இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் வசதியுள்ளவர் வீடு வாங்கமாட்டார். பிள்ளைகளைப் பற்றிய ஆய்வும், ஏழைகளும் வெள்ளையர் அல்லாதவர்களும் மிகுந்த கவுண்டிகளில் ஒவ்வொரு கிராமும் கூடுதலாகக் காயப்படுத்தியதாகக் காட்டுகிறது.

கடைசியாக ஒன்று கேட்பார்கள்: நாஸ்கார் தானாகவே மாறிவிட்டதே, பிறகு சட்டம் எதற்கு? சுற்றுச்சூழல் முகமைக்கு அதிகாரம் இல்லாத நிலையிலும் கெஞ்சியும் பேசியும் காரியம் நடந்துவிட்டது என்பதைத் தன்னார்வத்தின் வெற்றியாகக் காட்டும் கட்டுரைகளும் உண்டு. நான் நாட்காட்டியைப் பார்க்கிறேன். ஈயமற்ற பெட்ரோல் பங்குகளுக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல். அரசே பத்து மடங்கு நன்மை என்று கணக்குப் போட்டு 22 ஆண்டுகள். தெருவில் முழுத் தடை வந்து 11 ஆண்டுகள். மாறுவதற்கு நாட்டிலேயே குறைவான செலவு உள்ள ஒரு துறை, இவ்வளவு தாமதமாக மாறியது. வெட்கம் ஒரு பெரிய அமைப்பை அசைக்கும்; தொலைக்காட்சி ஒப்பந்தமும் விளம்பரதாரரும் உள்ளவர்களுக்குப் பெயர் முக்கியம். பெயரே இல்லாதவர்களை வெட்கம் என்ன செய்யும்? சனிக்கிழமை இரவு ஊர்ப்புற மண் தடத்தில் ஓட்டுபவருக்கும், கால் மைல் நேர்கோட்டில் இழுவைப் பந்தயம் விடுபவருக்கும் விளம்பரதாரர் கண்டிக்கப்போவதில்லை. அங்கே மாற்றத்தைக் கொண்டுவர இருக்கும் ஒரே கருவி வரையறையைத் திருத்துவது. 1990-இல் எழுதிய அந்த வரையறை அப்படியே இருக்கிறது. டேட்டோனாவில் நின்றுபோன ஈயம் கலந்த பந்தய எரிபொருள், போட்டிக்கு மட்டும் என்று எழுதிய டிரம்களில், அமெரிக்காவில் இன்றும் சட்டப்படி விற்பனையாகிறது.

(தொடரும்)